பத்துக்கு ஒரு ஊறுகாய்

திரு. கிம்மல் மதியம் சாண்ட்விச் சாப்பிடும்போது தட்டின் ஓரத்தில் ஒரு வெள்ளரி ஊறுகாய் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தச் சாண்ட்விச்சையே நம்பமாட்டார். மேல் ரொட்டியைத் தூக்கி, உள்ளே இருப்பது இறைச்சிதானா என்று சோதிப்பார். எங்கள் அலுவலகத்தின் கொள்கையும் அந்தத் தட்டிலிருந்து வந்ததுதான். பத்து பேரைப் பற்றி அறிக்கை எழுதினால் ஒருவரிடமாவது குறை இருந்தாக வேண்டும். அந்தக் குறைக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் ஊறுகாய்.

"பத்து பேரும் தங்கமானவங்கன்னு எழுதி அனுப்பினா கடைக்காரன் என்ன நெனப்பான்? இந்தப் பொண்ணு எந்த வீட்டுக்கும் போகல, ஆபீஸ்ல உக்காந்து நகத்துக்குச் சாயம் பூசிட்டு இருந்திருக்கான்னு நெனப்பான்" என்று நான் வேலையில் சேர்ந்த அன்றே முதலாளி கிம்மல் சொல்லிவிட்டார்.

நான் நகத்துக்குச் சாயம் பூசுவதில்லை. இருந்தாலும் அன்று கைகளை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

அலுவலகம் இரும்புச் சாமான் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. மில்லர்ஸ் ஃபோர்டு ஊர் முழுவதும் அங்கே அட்டைகளில் அடங்கிக் கிடந்தது. யாராவது தவணையில் ஒரு குளிர்பெட்டி வாங்கப் போனால், அவரை நம்பிக் கொடுக்கலாமா என்று கடைக்காரர் எங்களைத்தான் கேட்பார். நாங்கள் அட்டையை எடுத்துப் படிப்போம். செய்தித்தாளில் வந்த கல்யாணம், விவாகரத்து, பனியில் வழுக்கி விழுந்தது எல்லாவற்றையும் வெட்டி அதில் ஒட்டியிருப்போம். அதற்குக் கீழே அக்கம்பக்கத்தார் சொன்னது இருக்கும். 'புல் வெட்டுவதில்லை.' 'பட்டப்பகலில் திரையை மூடி வைக்கிறார்கள்.' 'மாமியாரோடு பேச்சு இல்லை. தவறு மாமியார் மேல்.' இந்தக் கடைசிக் குறிப்பைச் சொன்னவர் யார் என்று நான் தேடிப் பார்த்தேன். மருமகளின் அம்மா.

இதில் எதையும் கிம்மல் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. நியூயார்க்கில் நூறு வருடத்துக்கு முன் ஒரு பட்டு வியாபாரி எல்லோருக்கும் கடனுக்குச் சரக்கு கொடுத்து நொடித்துப்போனார். அதற்கப்புறம் அவர் ஊர் ஊராக வக்கீல்களுக்குக் கடிதம் போட்டு, அங்கே யார் யோக்கியம், யார் குடிகாரன் என்று கேட்டார். வந்த பதில்களைத் தடித்த புத்தகங்களில் எழுதி, அதையே ஒரு வியாபாரமாக்கிவிட்டார். எங்கள் தொழில் அப்படித்தான் பிறந்தது. அவருக்குப் பதில் எழுதிய வக்கீல்களில் இல்லினாய்ஸ்காரர் ஒருவர் நல்ல உயரம், பின்னால் ஜனாதிபதி ஆனவர். அவருடைய படம் கிம்மலின் தலைக்கு மேல் மாட்டியிருந்தது. நான் ஊறுகாய் இல்லாத அறிக்கையைக் கொண்டுபோய் நீட்டும்போதெல்லாம் கிம்மல் படத்தை ஒருமுறை பார்ப்பார். நானும் பார்ப்பேன். படத்திலிருந்தவரும் வருத்தமாகத்தான் இருந்தார்.

ஆகஸ்டில் வாண்டர்மோலன் தம்பதி மிச்சிகனிலிருந்து குடிவந்தார்கள். கணவர் எல்மோவுக்குத் தீவன ஆலையில் வேலை. மனைவி ட்ரூடிக்கு ஒரே ஒரு பொருள் வேண்டியிருந்தது. ஹால்வர்சன் கடையில் நிற்கிற இரட்டைக் கதவு ரொட்டி அடுப்பு. பள்ளிக்கூடம் மதியச் சாப்பாட்டுக்கு பன் சுட்டுத் தர ஆள் தேடிக்கொண்டிருந்தது. பள்ளி திறப்பதற்குள் பெரிய அடுப்பு வைத்திருந்தால் வேலை ட்ரூடிக்கு, இல்லையென்றால் பக்கத்து ஊர் பேக்கரிக்கு. அடுப்பைத் தவணையில் தர ஹால்வர்சனுக்குச் சம்மதம். எங்கள் அறிக்கை வெள்ளிக்கிழமை மூன்று மணித் தபாலில் போய்ச் சேர்ந்து, அது நல்லவிதமாகவும் இருந்தால்.

அறிக்கைகளைப் பத்துப் பத்தாகக் கட்டி அனுப்புவோம்; அந்த வாரத்துக் கட்டுக்கு ஏற்கெனவே ஒன்பது பேரைப் பற்றி நல்லபடியாக எழுதிவிட்டேன். பத்தாவதுதான் வாண்டர்மோலன்.

புதிதாகக் குடிவந்தவர்களுக்கு ஊர்க் கடைக்காரர்கள் சார்பில் ஒரு வரவேற்புக் கூடை உண்டு. காப்பித்தூள், பாத்திரம் துடைக்கிற துணி, பன்றி இறைச்சிக்கு ஒரு தள்ளுபடிச் சீட்டு. அந்த வீட்டுக்காரர்கள் கூடைக்குள் பார்த்துக்கொண்டிருக்கும்போது, கூடையைக் கொண்டுபோனவள் வீட்டுக்குள் பார்க்க வேண்டும். இதற்காக நான் ஒரு ஒழுங்கு வைத்திருந்தேன். முதலில் திரைச்சீலை, அப்புறம் தரை, அப்புறம் நாற்காலிகளின் கால்கள், கடைசியில் குளியலறையில் மருந்து அலமாரி. ஒழுங்கு இல்லாமல் போனால் எனக்கு எதுவும் கண்ணில் படாது. ஒழுங்கோடு போயும் சில சமயம் படாது.

ட்ரூடி கதவைத் திறந்தார். முழங்கைவரை மாவு. கூடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரித்தார்.

"வா கண்ணு. குளியலறை மாடியில வலது கைப்பக்கம். மருந்து அலமாரிக் கதவு கொஞ்சம் இறுகும், நல்லா இழுத்துத் திற. காலி பாட்டில் பாக்கணும்னா கொல்லைப்புறம் நீலத் தொட்டி. எல்லாம் வினிகர் பாட்டில்தான், மோந்து பாத்துக்கோ."

எனக்குக் காது சூடாகிவிட்டது. நான் ஊர்க் கடைக்காரர்கள் சார்பில் வந்திருப்பதாகச் சொன்னேன். ட்ரூடியும் மிச்சிகனில் ஆறு வருடம் ஊர்க் கடைக்காரர்கள் சார்பில் போனவர்தானாம். இதே கூடை, ஆனால் அவர்கள் ஊரில் துணிக்குப் பதில் ஒரு தீப்பெட்டி.

"உங்க ஆபீஸ்ல எத்தனைக்கு ஒரு குறை?" என்று கேட்டார்.

"பத்துக்கு ஒண்ணு" என்றேன். சொன்ன பிறகுதான் சொல்லியிருக்கக்கூடாது என்று தோன்றியது.

"கறாரான ஆளு. எங்க ஊர்ல பன்னண்டுக்கு ஒண்ணு. சரி, நான் எத்தனாவது?"

ட்ரூடி என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். அப்போதுதான் சுட்டெடுத்த பன்னில் வெண்ணெய் தடவி என் முன்னால் வைத்தார்.

"உக்காரு. அழகா ஒரு குறையா ரெண்டு பேருமா தேடுவோம். ஆனா என் அடுப்புக்கு ஆபத்து வரக்கூடாது, தெரிஞ்சுதா?"

செவ்வாய்க்கிழமைகளில் நான் உயர்நிலைப் பள்ளியில் மாலை வகுப்புக்குப் போய்ப் புள்ளியியல் படிக்கிறேன். அதற்கு முந்தைய வாரம்தான் எங்கள் ஆசிரியரிடம் இந்தப் பத்துக்கு ஒன்று கணக்கைச் சொல்லி, அது சரியான முறையா என்று கேட்டிருந்தேன். முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு எண்ணினால், வருகிற எண் ஊரைப் பற்றி ஒன்றும் சொல்லாது, உன் முதலாளியைப் பற்றித்தான் சொல்லும் என்றார் அவர். கலிஃபோர்னியா பக்கம் இரண்டு பேர், ஆளை நேரில் பார்க்காமலே கடனுக்கு மதிப்பெண் போட ஒரு வழி கண்டுபிடித்திருப்பதாகவும் சொன்னார். வீட்டில் தொலைபேசி இருந்தால் இத்தனை மதிப்பெண், ஒரே வேலையில் பல வருடம் இருந்தால் இத்தனை. வகுப்பே சிரித்தது. பள்ளிக்கூடத்தில் மார்க் வாங்காதவனுக்கு இனிமேல் சோபாவும் கிடைக்காதா என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார். நான் மட்டும் சிரிக்காமல் குறிப்பெடுத்துக்கொண்டேன். சிரிக்க வேண்டிய இடமா என்று எனக்குத் தெரியவில்லை.

ட்ரூடியின் சமையலறையில் அந்த ஆசிரியர் சொன்னது எதுவும் உதவவில்லை. நாங்கள் குறை தேடினோம்.

எல்மோ டியூபா ஊதுவார் என்றார் ட்ரூடி. நான் யோசித்தேன். வாத்தியம் என்றால் இசைக்குழு, இசைக்குழு என்றால் நடனக் கூடம், நடனக் கூடம் என்றால் குடி. கிம்மல் மூன்றே எட்டில் அங்கே போய்ச் சேர்ந்துவிடுவார். ட்ரூடிக்கு நாவல் படிக்கிற பழக்கம் இருந்தது. அது சோம்பல், சோம்பேறிக்கு எதற்கு அடுப்பு? ஒரு ஆடு வளர்க்கிறார்கள். புல் வெட்டாதவர்கள் என்று வரும். ட்ரூடி நாயோடு டச்சு மொழியில்தான் பேசுவார். அதைக் கேட்டதும் நான் பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். எங்கும் கம்யூனிஸ்ட் பயம் பிடித்திருந்த அந்த வருடம் அந்நிய மொழி என்று எழுதினால் அறிக்கை ஹால்வர்சன் கடைக்குப் போகாது, வாஷிங்டனுக்குப் போகும்.

"எல்மோ கோயில்ல பாடுவாரு. ஸ்வரம் ஒரு பக்கம் போனா இவரு ஒரு பக்கம் போவாரு. முன்வரிசைக்காரங்க எல்லாம் திரும்பிப் பாப்பாங்க" என்றார் ட்ரூடி கடைசியில்.

அது அருமையான குறை. ஆள் கோயிலுக்குப் போகிறவர் என்பதும் அதிலேயே வந்துவிடுகிறது. 'தேவாலயத்தில் சுருதி விலகிப் பாடுகிறார்' என்று எழுதிக்கொண்டேன். இரண்டு பேரும் இன்னொரு பன் சாப்பிட்டோம்.

இந்த இடம்வரை தவறு எதுவும் நடக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். திரும்பத் திரும்ப யோசித்துப் பார்த்துவிட்டேன்.

பத்தாவது அறிக்கை முடிந்ததும் கிம்மலுக்குத் தகவல் சொல்ல வேண்டும். ட்ரூடி வீட்டில் இன்னும் தொலைபேசி வரவில்லை. அதனால் பக்கத்து வீட்டுத் திருமதி டட்வைலர் வீட்டுக்குப் போனேன். அந்தத் தெருவில் எட்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே கம்பி. யார் பேசினாலும் மற்ற ஏழு வீட்டிலும் எடுத்துக் கேட்கலாம். கேட்காமலிருப்பது மரியாதை. அந்த மரியாதை எல்லோருக்கும் தெரியும் என்பதால், எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்பார்கள். அதனால்தான் அலுவலக விஷயத்தை ஒருபோதும் வெளிப்படையாகச் சொல்லக்கூடாது, நம் சொல்லைத்தான் பயன்படுத்த வேண்டும் என்பது கிம்மலின் கண்டிப்பான விதி.

நான் விதிப்படி நடந்தேன். "சார், வாண்டர்மோலன் வீட்டுல ஊறுகா கெடச்சிருச்சு" என்றேன்.

"நல்லதா?"

"ரொம்ப நல்லது சார். யாருக்கும் கெடுதல் பண்ணாது."

"சபாஷ். வந்து சேரு."

அந்தக் கோடையில் எங்கள் ஊரில் வெள்ளரிக் கொடிகளையெல்லாம் ஒரு வண்டு தின்று தீர்த்திருந்தது. ஒரு வீட்டிலும் ஊறுகாய் இல்லை. ஜூலையிலிருந்து மக்கள் வெறும் சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தார்கள். இதையெல்லாம் நான் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

மறுநாள் காலையில் ட்ரூடி வீட்டு வாசலில் நாலைந்து பெண்கள் நின்றார்கள். மதியத்துக்குள் அது வரிசையாகிவிட்டது. ஊறுகாய் இருக்கிறதாமே என்று கேட்டார்கள். இல்லை என்றார் ட்ரூடி. இப்படித்தான் முதலில் சொல்வார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். கண்ணைச் சிமிட்டிவிட்டு நின்றார்கள். வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாமல் ட்ரூடி ஆளுக்கு நாலு பன்னை வெள்ளைத் தாளில் சுற்றிக் கொடுத்தார். சாப்பிட்டவர்கள் ஊறுகாயை மறந்துவிட்டு, பன்னுக்காகத் திரும்பி வந்தார்கள். கேள்விப்பட்டவர்கள் காரில் வந்தார்கள். ட்ரூடியின் பழைய அடுப்பில் ஒரு தடவைக்கு ஒரு தட்டுதான் வேகும். அதனால் வரிசை நகரவே இல்லை, வளர்ந்துகொண்டே போனது.

புதன்கிழமை நான் போய்ப் பார்த்தபோது ட்ரூடி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"ஏண்டியம்மா, என் வீட்டுல என்னவோ கெடச்சிருச்சுன்னு டெலிபோன்ல சொன்னியாமே? பாதிரியாரு வந்து, ஒரே ஒரு துண்டு, சத்தியமா யாருகிட்டயும் சொல்லமாட்டேன்னு கெஞ்சுறாரு. நான் என்னத்தைக் கொடுக்கிறது?"

நான் மன்னிப்புக் கேட்டேன். வேறு என்ன செய்வது என்று தெரியாமல், வரிசையில் நின்றவர்கள் பெயரை எல்லாம் நேர வாரியாகக் குறித்துக்கொண்டு வந்தேன். பதற்றம் வந்தால் எனக்குக் குறிப்பெடுக்கத் தோன்றும்.

வெள்ளிக்கிழமை காலையில் கிம்மல் என்னைக் கூப்பிட்டார். வாண்டர்மோலன் அறிக்கையை மேசைமேல் வைத்திருந்தார். சுருதி விலகிய வரியை அடித்துவிட்டு, சிவப்பு மையில் புதிதாக ஒரு வரி எழுதியிருந்தார். 'வீட்டில் கள்ளச்சரக்கு விற்பதாகப் பலமான சந்தேகம்.'

எங்கள் ஊரில் மதுவிலக்கு. ஊர்க் கிணற்றில் பீப்பாயைக் கழுவினான் என்பதற்காக ஒருவனுக்குத் தையல் இயந்திரம் கிடைக்காமல் போயிருக்கிறது.

"புதன்கிழமை காலையிலயே டட்வைலரம்மா போன் பண்ணிச்சு. காரு வருதாம், போகுதாம். வெள்ளைத் தாள்ல சுத்தின பொட்டலமாம். எல்லாரும் குனிஞ்ச தலை நிமிராம போறாங்களாம்" என்றார் கிம்மல்.

"சார், அது பன்னு."

"ரெண்டு மைல் தூரத்துலேர்ந்து காரு போட்டுட்டு வந்து பன்னு வாங்குவாங்களா? நீ நல்ல பொண்ணு, மிஸ் ப்ரூபேக்கர். ஆனா உனக்கு மனுஷங்களைத் தெரியல."

அது உண்மையாக இருக்கலாம் என்றுதான் முதலில் தோன்றியது. எனக்கு மனிதர்களைத் தெரியாது. அலுவலக விதிப் புத்தகம்தான் தெரியும். என் மேசைக்கு வந்து உட்கார்ந்தேன். மூன்று மணித் தபாலில் அந்தச் சிவப்பு வரி போய்விட்டால் அடுப்பும் போய்விடும். பள்ளிக்கூடத்து வேலையும் போய்விடும். அதற்கப்புறம் அந்த வரி அட்டையைவிட்டு நகரவே நகராது. ட்ரூடி வேறு எந்த ஊருக்குக் குடிபோனாலும் அவருக்கு முன்னால் அங்கே போய் நிற்கும்.

விதிப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். பாதிக்கு மேல் ஒரு விதி இருந்தது. ஒரு வீட்டின் மேல் சட்டவிரோத வியாபாரம் என்று சந்தேகம் எழுதினால், அங்கே வந்துபோனவர்கள் ஒவ்வொருவரின் அட்டையிலும் அதைக் குறிக்க வேண்டும்.

நான் அலமாரிகளைத் திறந்தேன். புதன்கிழமைக் குறிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொருவருக்கும் ஒரு தாள் தட்டச்சு செய்தேன். 'சந்தேகத்துக்குரிய வீட்டிலிருந்து வெள்ளைப் பொட்டலத்துடன் வெளியேறினார்.' மதியம்வரை தட்டினேன். தாள்களைக் கட்டாக எடுத்துக்கொண்டு போனபோது கிம்மல் சாப்பிட உட்கார்ந்திருந்தார். விதி எண்ணைச் சொல்லி, கையெழுத்து வேண்டும் என்றேன்.

அவருக்கு முகமெல்லாம் மலர்ந்தது. "இத்தனை ஊறுகாயா? பாத்தியா, முழுமனசா வேலை செஞ்சா எப்படி வருதுன்னு. இனிமே வருஷம் பூரா ஊறுகா தேடி நீ வெளியவே போக வேணாம்."

சாண்ட்விச்சைக் கடித்துக்கொண்டே முதல் தாளைப் படித்தார். பாதிரியார். மெல்லுவது கொஞ்சம் மெதுவானது. அடுத்தது நீதிபதியின் மனைவி. அதற்கடுத்தது திருமதி ஹால்வர்சன்.

"இதை ஹால்வர்சனுக்கே அனுப்பணுமா?"

"அவர் கடையிலேதான் அவங்களுக்கும் கணக்கு இருக்கு சார். அனுப்பித்தான் ஆகணும்."

அடுத்தது டட்வைலர் அம்மாள்.

"இவங்கதானே புகார் சொன்னாங்க?"

"புகார் சொல்லிட்டு வந்து வரிசையில நின்னாங்க சார். ஒருவேளை, புகார் சொல்லிட்டா கூட்டம் கொறையும்னு நெனச்சிருக்கலாம். அது என் ஊகம்தான், அதனால எழுதல."

கிம்மல் கடைசித் தாளை எடுத்தார். அதை எங்கே வைப்பது என்று நான் வெகுநேரம் யோசித்து, அகரவரிசை தவறினாலும் பரவாயில்லை என்று அடியில் வைத்திருந்தேன். 'திருமதி ஆர்வில் கிம்மல். இரண்டு முறை வந்தார். இரண்டாம் முறை தலையில் துணி கட்டி, கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார்.'

அவர் அதை மறுபடி படித்தார்.

"என் வீட்டுக்காரி எதுக்கு அங்க போகணும்?"

நான் அவர் கையைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். கடித்த இடத்திலிருந்து வெண்ணெய் வழிந்துகொண்டிருந்தது. மேல் பாதியைத் தூக்கிப் பார்த்தார். உள்ளே இறைச்சிதான். ரொட்டிதான் வழக்கமான ரொட்டி இல்லை. உருண்டையாக, பொன்னிறமாக, எள் தூவியிருந்தது.

"இதுவா?"

"புதன்கிழமையிலேர்ந்து இதைத்தான் சார் சாப்பிடுறீங்க. நேத்து ரெண்டு சாப்பிட்டீங்க."

கிம்மல் மேல் பாதியைத் திரும்ப மூடி வைத்தார். பிறகு, வாயில் இருந்ததை விழுங்கலாமா கூடாதா என்று யோசிப்பவர் மாதிரி கூரையைப் பார்த்துவிட்டு, விழுங்கினார்.

"அப்போ என் அட்டையிலயும் போடணுமா?"

"பொட்டலத்தைச் சாப்பிட்டவங்களைப் பத்தி விதியில ஒண்ணும் இல்ல சார். நான் தேடிப் பாத்தேன். ஆனா இருக்கணும்னுதான் தோணுது."

அவர் என் தாள்களை வாங்கி, ஒவ்வொன்றாக இரண்டாகக் கிழித்தார். கடைசித் தாளை மட்டும் நாலாகக் கிழித்தார். வாண்டர்மோலன் அறிக்கையை இழுத்து, சிவப்பு வரியை அடித்து, தன் கையாலேயே கீழே எழுதினார். 'நாணயமானவர்கள். தொழில் தெரிந்தவர்கள். தயங்காமல் கொடுக்கலாம்.' நான் நன்றி சொல்லிவிட்டு, பத்துக்கு ஒரு ஊறுகாய் இப்போது இல்லையே என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்தான். ஆனால் கட்டு முடியாமல் தபாலில் போடவும் எனக்கு மனம் வராது.

"என் மச்சான் ஒருத்தன் இருக்கான். அவன் பேரைப் போடு. எதை வேணா எழுது, பொருந்தும்" என்றார்.

மூன்று மணித் தபாலில் நானே கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

பள்ளி திறப்பதற்கு முந்தின வாரம் ஹால்வர்சன் கடை வண்டியில் அடுப்பு வந்தது. நாலு பேர் தூக்கிக்கொண்டு போய்ச் சமையலறைப் பின்கதவில் நுழைத்தார்கள். பாதி போனது. அப்புறம் போகவில்லை. பின்னால் இழுத்தார்கள், அப்படியும் வரவில்லை. எல்மோ கதவுச் சட்டத்தை அறுக்கலாம் என்றார். வாடகை வீட்டில் அறுக்கக்கூடாது என்றார் ட்ரூடி, அது அட்டையில் ஏறிவிடும். அது உண்மையாகவே ஏறிவிடும்.

ட்ரூடி மேசைமேல் ஏறி, ஜன்னல் வழியாகக் கொல்லைப்புறம் குதித்து, அடுப்பின் பின்பக்கத்தைப் பார்த்தார். மின்கம்பியை எடுத்து நீட்டிப் பார்த்தார். எட்டியது.

"அடுப்புக் கதவு ரெண்டும் உள்பக்கமாதானே இருக்கு? சமையல் உள்ள நடக்கும், சூடு வெளிய போகும். இதுக்கு மேல என்ன வேணும்?" என்றார்.

அந்த வருடம் பள்ளிக்கூடத்து பன்கள் எல்லாம் அந்த வாசலிலேயே வெந்தன. கொல்லையிலிருந்து வீட்டுக்குள் வர வேண்டியவர்கள் ஜன்னல் வழியாக வந்தார்கள். ஆடு மட்டும் வெளியே, அடுப்பின் முதுகில் சாய்ந்துகொண்டு, குளிர்காலம் முழுவதும் அங்கேயே படுத்துக் கிடந்தது.